சனிக்கிழமைத் தண்ணீர்

பலெர்மோவின் அல்பெர்கேரியாவில், பல்லரோ சந்தையின் இரைச்சல் தேய்ந்து முடிகிற ஒரு சந்துக்குள் இருநூற்றைம்பது வருசத்து மாளிகை ஒன்று உண்டு. அதன் பெருவாசலுக்குப் பக்கத்தில், முன்னொரு காலத்தில் குதிரைவண்டிக்காரன் படுத்துறங்கிய இரண்டு சிறிய அறைகளில், பேசாலை என்கிற கடற்கரை ஊரில் பிறந்த புனிதமலர் பத்தொன்பது வருசம் குடியிருந்தாள். மாளிகையில் இருக்கிறேன் என்று ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னால் அதில் பொய் இல்லை. ஆனால் அவளுக்குக் கிடைத்ததென்னவோ வாசல் சாவியும், எவ்வளவு துடைத்தாலும் முடியாத தரையும்தான்.

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். அது நேர்மையான வீடு இல்லை. தெருவில் நின்று பார்த்தால் ஏழு பல்கனிகள். சீமாட்டிகளின் அகலப் பாவாடைக்கு இடம் விட்டு வயிறு தள்ளி வளைத்த இரும்புக் கம்பிகள். அதற்கு மேலே ஏழு யன்னல்கள், அவற்றில் இரண்டு யன்னலே இல்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கவேண்டும் என்பதற்காக வெறும் சுவரில் கல்லால் செய்து ஒட்டிவிட்டிருந்தார்கள். உள்ளே பெரிய மண்டபத்தில் ஒரு கதவு மெய்யானது, அதற்கு நேரெதிரே இருக்கிற கதவு சுவரில் எழுதிய படம். வேலைக்கு வந்த முதற்கிழமை புனிதமலர் கோப்பித் தட்டோடு போய் அந்தப் படக்கதவின் பிடியைப் பிடித்தாள். வீட்டுக்காரி சிஞ்ஞோரா கொஸ்தான்ஸா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

எல்லாவற்றிலும் பெரிய பொய் மண்டபத்தின் உட்கூரை. அண்ணாந்து பார்த்தால் கல்லால் வளைத்த வானம்போலத் தெரியும். நீலத்தில் மேகங்கள், மேகங்களில் சாய்ந்து கிடக்கிற கொழுத்த தேவதைகள். உண்மையில் அங்கே ஒரு கல்கூட இல்லை. மேல்மாடித் தரையைத் தாங்குகிற மர உத்தரங்களிலிருந்து வளைந்த சட்டங்களைத் தொங்கவிட்டு, அவற்றில் நாணல் தட்டிகளைக் கட்டி, கீழ்ப்பக்கம் வெள்ளைச் சாந்து பூசி, அதன்மேல் எழுதிய வானம் அது. பழுது பார்க்க வந்த மேசன் ஒருவன் ஒருமுறை மேல்மாடி மூலையில் ஒரு பலகையைத் தூக்கி உள்ளே காட்டினான். "எங்கடை ஊர் வேலித் தட்டியைப்போலை கிடக்கப்பா. அதைக் கட்டித் தூக்கிப்போட்டு வானமெண்டு கீறி வைச்சிருக்கினம்" என்று அன்று பின்னேரம் புருசனிடம் சொன்னாள் புனிதமலர்.

புருசன் பெனடிக்ற், கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன். பயந்த மனிதன். அரசாங்க முத்திரை குத்திய கடிதம் எது வந்தாலும் பிரிக்காமல் மனைவியிடம் நீட்டிவிடுவான். மகள் லக்ஷனா அந்த இரண்டு அறைகளில் வளர்ந்து, சிசிலிக்காரிபோல இத்தாலியன் கதைத்து, பொலோஞ்ஞாவுக்குக் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். கணவன் மனைவி இருவருடைய பெர்மெஸ்ஸோவும், அதுதான் இந்த நாட்டில் இருக்க அனுமதிக்கிற பத்திரம், புனிதமலரின் வேலை ஒப்பந்தத்தையும் அந்த வாசல் விலாசத்தையும் நம்பித்தான் இருந்தது.

வீடோ சட்டம் காக்கிற வீடு. பழைய கட்டடங்களைக் காக்கிற அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அதில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. மடுமாதா படத்தைப் பெனடிக்ற் பத்தொன்பது வருசமும் அலுமாரிக்கு மேலேதான் சாத்தி வைத்திருந்தான். "மாதா கோவிக்கமாட்டா. குவெஸ்தூராக்காரன் கோவிப்பான்" என்பான். ஆணிக்கும் குடிவரவுப் பொலிசுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவனுக்கு விளங்கப்படுத்த ஒருவராலும் முடியவில்லை.

சிஞ்ஞோரா கொஸ்தான்ஸாவுக்கு எண்பத்தாறு வயது. புருசன் இல்லை, பிள்ளை இல்லை. மிலானோவில் கூடப்பிறந்தவர் வழியில் ஒரு மருமகன், நத்தாருக்குப் போன் எடுப்பான். மேல்மாடியில் அவருடைய தம்பி இருந்தவர், புனிதமலர் வருவதற்கு முந்தின வருசம் செத்துப்போனார். அதற்குப் பிறகு மேல்மாடியின் ஐந்து அறைகளிலும் ஆளில்லை. "மேலே துப்பரவாக இருக்கவேண்டும்" என்பது மட்டும்தான் சிஞ்ஞோரா முதல்நாள் கொடுத்த கட்டளை.

அந்தத் துப்பரவில்தான் வினை இருந்தது. இந்த ஊரார் தரையைக் கூட்டி, பிழிந்த துணியால் ஒருதரம் துடைத்து, அதைத் துப்பரவு என்பார்கள். புனிதமலருக்கு அது பிடிக்காது. அழுக்கை இங்கிருந்து அங்கே தள்ளிவிடுவதற்குப் பெயர் துப்பரவா? அவள் வளர்ந்த வீட்டில் சனிக்கிழமை என்றால் சீமெந்துத் தரைக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தும்புத்தடியால் உரஞ்சி, வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய் முற்றத்து மண்ணில் விடுவார்கள். நாளைக்கு ஞாயிறு, பூசை நாள், வீடு கழுவியிருக்கவேண்டும். அந்தப் பழக்கத்தை அவள் கடல் தாண்டிக் கொண்டுவந்து, பூ எழுதிய ஓடுகள் பதித்த அந்த மேல்மாடியில் இறக்கினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் நாலு வாளி. பெருநாள் வந்தால் எட்டு. வேலை செய்யும்போது மாதாப்பாட்டு ஒன்றை முணுமுணுப்பாள்.

அந்தத் தரையில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. கீழே மண்டபத்தில் ஒரு துளி சிந்தினால் அரைமணித்தியாலம் ஈரம் நிற்கும். மேல்மாடித் தரை அப்படி இல்லை. பாதித் தண்ணீரை முற்றத்துப் பல்கனிப் பக்கம் தள்ளுவதற்குள் மீதி காய்ந்துபோகும். "என்ன நல்ல தரை தெரியுமே, உடனை இழுத்துப்போடும்" என்று தோழி கிளறாவிடம் சொல்லியிருக்கிறாள். இழுத்த தண்ணீர் எங்கே போகிறது என்று பத்தொன்பது வருசத்தில் ஒருநாள்கூட அவள் யோசிக்கவில்லை.

போன தை மாதம் சிஞ்ஞோரா விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். நடமாட்டம் நின்றது. படுக்கையறை இருட்டு, மண்டபத்தில்தான் வெளிச்சம் என்று சொல்லிக் கட்டிலை மண்டபத்துக்குக் கொண்டுவரச் செய்தார். அந்த மாதக் கடைசியில்தான் புனிதமலர் போர்வையில் வெள்ளைத் தூளைக் கண்டாள். மா அரித்ததுபோல மெல்லிய தூள். தட்டிவிட்டாள். அடுத்தநாளும் இருந்தது. மாசியில், ஒரு தேவதையின் பாதத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை தெரிந்தது. கிழமைக்குக் கிழமை அது அகலித்துக் கணுக்கால்வரை ஏறியது. பகலில், வீடு அமைதியாக இருக்கும் நேரங்களில், மேலே யாரோ சுள்ளி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். ஒரேயொரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. சிஞ்ஞோராவிடம் சொன்னால், "பழைய வீடு, அதுக்கும் மூட்டு வருத்தம்" என்பார். அவர்கள் கதைப்பது இத்தாலியனில். புனிதமலரின் காதுக்குள் அது தன் பாட்டில் பேசாலைத் தமிழாக மாறிவிடும், நாமும் அப்படியே கேட்போம்.

தவக்காலம் தொடங்கிய முதற்சனிக்கிழமை வழக்கம்போல மேலே ஏறி மூன்றாவது வாளியை ஊற்றினாள். சுவரோரமாக இரண்டு ஓடுகளுக்கு நடுவில் தண்ணீர் சுழித்து உள்ளே போவது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. தும்புத்தடியைப் போட்டுவிட்டுக் குனிந்து ஓட்டில் காதை வைத்தாள். கீழே, தரைக்கும் தேவதைகளுக்கும் இடையில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு, சொட்டு என்று அவசரமில்லாமல் விழுந்தது. படியிறங்கி மண்டபத்துக்கு ஓடினாள். தேத்தண்ணிக் கறை ஈரத்தில் கறுத்து மினுங்கியது. அதற்கு நேர்கீழே சிஞ்ஞோரா கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

இந்தக் கிழவியைத் தாயைப்போலப் பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், தன் கையாலேயே அவருடைய தலைக்கு மேல் ஒரு வானத்தை ஊறவைத்திருக்கிறாள்.

அன்று பின்னேரம் பெனடிக்ற்றிடம் சொன்னாள். அவன் எழும்பிக் கதவைச் சாத்தினான்.

"மலர், நீர் பேசாமல் இரும். உது சட்டம் காக்கிற வீடு. ஆணிக்கே கடிதம் கேக்கிறவங்கள், உத்தரத்தை உக்கப்பண்ணினதுக்கு என்ன கேப்பாங்கள்? வேலை போகும். வேலை போனால் விலாசம் போகும்."

"அந்த மனுசியின்ரை தலையிலை விழுந்தால்?"

"இருநூற்றைம்பது வருசம் விழாதது இப்ப விழப்போகுதே? அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி குவெஸ்தூராவிலை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கூப்பிட்டிருக்கிறாங்கள். அது முடியட்டும், பிறகு பாப்பம்."

அவன் சொன்னதை நம்பித்தான் அவள் பேசாமல் இருந்தாள் என்று சொன்னால் அவளுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்ததாகும். அவளுக்கும் அதே பயம்தான். கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டாள். கோபப்பட்டதைச் சொன்னாள், கிளறாவின் புதுத் தளபாடத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டதைச் சொன்னாள், இதை மட்டும் விழுங்கிவிட்டு எழும்பி வந்தாள்.

தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். அடுத்த சனிக்கிழமை பிழிந்த துணியோடு மேலே போய், தரையைத் தடவிவிட்டு இறங்கினாள். சிஞ்ஞோரா விழித்திருந்தார்.

"இண்டைக்கு மேலை கழுவேல்லையோ?"

"துடைச்சனான் சிஞ்ஞோரா."

"துடைச்சனியா," என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன குறை கண்டார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

கட்டிலைக் கறைக்குக் கீழிருந்து நகர்த்தினால் போதும் என்று யோசித்து, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்ற சாட்டில் நாலு முழம் சுவர்ப்பக்கம் தள்ளினாள். சிஞ்ஞோரா கத்திய கத்து அவள் பத்தொன்பது வருசத்தில் கேளாதது. "இருந்த இடத்திலை போடு! நான் எங்கை படுக்கிறதெண்டு எனக்குத் தெரியும்!" திருப்பித் தள்ளினாள். தள்ளும்போதே மேலே சுள்ளி முறிந்தது.

தண்ணீர் நின்றும் தூள் நிற்கவில்லை. உக்கினது உக்கினதுதானே. போர்வையைத் தட்டித் தட்டி அவளுக்குக் கை ஓய்ந்தது. சோறு இறங்கவில்லை. வியா மக்வேதாத் தெருவில் மருந்து வாங்கப் போனால், திரும்பி வருவதற்குள் நடந்துவிடும் என்று பாதி ஓட்டமாக வருவாள். பெருவாசலைத் திறந்து படியில் காதுகொடுத்து, மேலே சிஞ்ஞோராவின் இருமல் கேட்ட பிறகுதான் மூச்சு விடுவாள்.

ஐந்தாம் கிழமை, வியாழக்கிழமை மத்தியானம், கட்டில் விளிம்பில் இருந்து சிஞ்ஞோராவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி வாய்க்குப் போகிற வழியில், தலையணைக்கு ஒரு சாண் தள்ளி, ஏதோ பொத்தென்று விழுந்தது. உள்ளங்கையளவு சாந்துக் கட்டி. அதில் தேவதையின் இரண்டு கால்விரல்கள், நகம்கூட அழகாக எழுதியிருந்தது. புரட்டினாள். மறுபக்கத்தில் நாணல் பதிந்த வரிகள், அவற்றில் கறுத்த ஈரம். கிணற்றடிச் சேற்று மணம் அடித்தது.

"மேசை லாச்சியிலை போட்டு வை," என்றார் சிஞ்ஞோரா. சூப்புக்கு மறுபடி வாயைத் திறந்தார்.

பன்னிரண்டாம் திகதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. புனிதமலர் இரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். சனிக்கிழமை காலையில், பெனடிக்ற் வேலைக்குப் போன பிறகு, முற்றத்தில் நின்று தீயணைப்புக்காரருக்குப் போன் எடுத்தாள். "என்ரை சிஞ்ஞோரா கட்டிலிலை கிடக்கிறா, எழும்பமாட்டா. கூரை அவவுக்கு மேலை வருகுது. கெதியா வாருங்கோ."

நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பெரியவன் ஒரு நீளத் தடியால் வானத்தை மெல்லத் தட்டினான். ஒரு மூலையில் டங்கென்றது. கட்டிலுக்கு மேலே நனைந்த பெட்டியைத் தட்டின சத்தம்தான் வந்தது. அவன் தடியை இறக்கி, குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் வெளியிலை. இப்பவே. அலுமாரி ஒண்டும் திறக்கவேண்டாம்" என்றான்.

சிஞ்ஞோரா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. கதிரையில் வைத்துக் கட்டி, சிவப்புப் பளிங்குப் படிகளில் நாலு பேருமாகத் தூக்கி இறக்கினார்கள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற மனுசி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. புனிதமலரையே பார்த்துக்கொண்டு போனார்.

முற்றத்தில் பெரியவன் எழுதத் தொடங்கினான். "மண்டபத்துக்கு மேலை குழாய் ஓடுதோ?"

"இல்லை."

"அப்ப தண்ணி எங்காலை?"

புனிதமலர் கதிரையில் இருந்த சிஞ்ஞோராவைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். "மழை," என்றாள். அவன் அண்ணாந்து, பழுதில்லாத ஓட்டுக்கூரையை ஒருதரம் பார்த்து, எழுதிக்கொண்டான். சிஞ்ஞோரா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பெருவாசலில் முத்திரை குத்திய தாள் ஒட்டி, உள்ளே போகத் தடை போட்டார்கள். வண்டிக்காரன் அறைகளும் அதே வீடுதானே. பெனடிக்ற் வந்தபோது இரண்டு சூட்கேசும், சோறு அவிக்கிற மின்பானையும், மடுமாதா படமும் சந்தில் இருந்தன. அவன் திட்டவில்லை. தாளைக் கடைசி வரிவரைக்கும் வாசித்தான். பிறகு படத்தைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கிளறா வீட்டை போவம்" என்றான்.

நாலாம் நாள் காலை பத்தரைக்கு அந்த வானம் விழுந்தது. சந்தையில் வெங்காயம் பார்த்துக்கொண்டு நின்ற புனிதமலருக்கு அந்தச் சத்தம் காலடியில் தெரிந்தது. சந்துக்கு ஓடினாள். பொய் யன்னல்கள் இரண்டும் வாய்மூடி நிற்க, மற்ற ஐந்து யன்னல்களாலும் வெள்ளைத் தூசி புகைந்துகொண்டிருந்தது.

குவெஸ்தூராவில் பெனடிக்ற் கிளறாவின் விலாசத்தைக் கொடுத்தான். எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். இன்னும் பதில் வரவில்லை.

சிஞ்ஞோராவை மருமகன் ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் சேர்த்தான். பஸ்ஸில் நாற்பது நிமிடம். கூரை விழுந்த பிறகு வந்த சனிக்கிழமை புனிதமலர் நகவெட்டியும் கொஞ்சம் திராட்சையும் எடுத்துக்கொண்டு போனாள். வழிமுழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும், என்ன பேச்சு வந்தாலும் வாங்கவேண்டும்.

"விழுந்திட்டுதாம்," என்றார் சிஞ்ஞோரா, வணக்கம்கூடச் சொல்லாமல். "எந்தப் பக்கம்?"

"கட்டில் இருந்த பக்கம். கட்டில் இல்லை இப்ப."

சிஞ்ஞோரா தலையை ஆட்டினார். புனிதமலர் அவருடைய கையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். நகம் வெட்டத் தொடங்கவில்லை.

"சிஞ்ஞோரா, மழை எண்டு நான் சொன்னது பொய். மேலை தண்ணி ஊத்தினது நான். ஒவ்வொரு சனிக்கிழமையும், வாளி வாளியா. தெரியாமல் செய்தனான். தெரிஞ்ச பிறகும் அஞ்சு கிழமை வாய் திறக்கேல்லை. என்னை மன்னியுங்கோ."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ ஊத்தினது. வந்த முதற்சனிக்கிழமையே கேட்டது. இந்த ஊரிலை ஒருத்தரும் மேல்மாடிக்குத் தண்ணி ஊத்தாயினம், கீழை இருக்கிறது நாணல் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

புனிதமலருக்குத் தான் சரியாகத்தான் கேட்டாளா என்று இருந்தது. "அப்ப ஏன் சொல்லேல்லை?"

"தம்பி செத்த பிறகு மேலை ஒரு சத்தமும் இல்லாமல் போச்சு. நீ வாளியை வைக்கிறது, தள்ளுறது, ஏதோ பாடுறது... மேலை ஆள் இருக்குது எண்டு இருக்கும். சொன்னால் நிப்பாட்டிப்போடுவாய்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்குப் பிறகு அந்த வீடு ஆருக்கு? என்னோடை போகட்டும் எண்டுதான் நினைச்சிருந்தன்."

"அதுக்குத்தானோ கட்டிலை இருந்த இடத்திலை போடச் சொன்னனீங்கள்?"

சிஞ்ஞோரா மற்றக் கையால் போர்வையைத் தட்டினார், அதில் தூள் ஒன்றும் இல்லை.

முதலில் அவளுக்கு இரக்கம்தான் வந்தது. ஒரு தும்புத்தடிச் சத்தத்துக்காகக் கிழமை முழுக்கக் காத்துக் கிடந்த மனுசி. பிறகு அந்த ஐந்து கிழமைகளும் நினைவுக்கு வந்தன. இறங்காத சோறு, விழுங்கின பாவம், பாதி ஓட்டமாக வந்த வழி, தாளை வாசித்துக்கொண்டு நின்ற பெனடிக்ற். கரண்டியோடு கட்டில் விளிம்பில் இருந்த தன்னுடைய தலையும் நினைவுக்கு வந்தது. கோபம் வந்தது. பத்தொன்பது வருசத்தில் அந்த மனுசியிடம் அவள் காட்டிய முதற்கோபம்.

"உங்களுக்குச் சாகவேணுமெண்டால் அது உங்கடை விருப்பம். என்ரை கையாலையோ? என்ரை வாளியாலையோ? உங்களுக்குச் சூப் பருக்கிக்கொண்டு அதுக்குக் கீழை நானும்தானே இருந்தனான். என்ரை தலையும் அங்கைதானே இருந்தது. அதைப் பற்றி ஒருநாளாவது யோசிச்சனீங்களோ?"

சிஞ்ஞோரா அவளை உற்றுப் பார்த்தார். அவர் பொய் சொல்லத் தெரிந்த வீட்டில் பிறந்தவர், ஆனாலும் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை.

"இல்லை," என்றார். "உன்னை நான் நினைக்கேல்லை."

புனிதமலர் மடியிலிருந்த கையை எடுத்துப் போர்வையின்மேல் வைத்தாள். நகவெட்டியைக் கைப்பையில் போட்டாள். திராட்சையை மேசையில் வைத்துவிட்டுப் போய் பஸ்ஸுக்கு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை கிளறா கேட்டாள். "அக்கா, கிழவியைப் பாக்கப் போகேல்லையோ?"

"இல்லை," என்றாள் புனிதமலர். அதற்கடுத்த சனிக்கிழமையும் அவள் போகவில்லை.